அஞ்சலை கொடுத்த சிறுநீரகம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆகியும் ஒரு பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. நான் குடியிருக்கும் சாரத்திலிருந்து பெரிய மார்க்கெட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது, முன் இருக்கையில் இருப்பவரின் கழுத்தைத்தான் என் கண் தேடும். காதுக்குப் பின்னால் வீக்கம் இருக்கிறதா, தாடைக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் புடைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனதும் உண்டு. "யாரம்மா அப்படி உத்துப் பாக்குற? அவங்க தப்பா நினைச்சுக்கப் போறாங்க" என்பாள் என் மகள்.

போன மாதம் ஜெசிந்தா கூப்பிட்டாள். என்னிடம் வேலை பார்த்தவள், இப்போது சிறுநீரக மாற்று சிகிச்சை வார்டுக்கு அவள்தான் தலைமை நர்ஸ். "அக்கா, புதுசா சேர்ந்திருக்கிற பொண்ணுங்களுக்கு ஒரு நாள் வந்து பேசுங்க. இப்பல்லாம் ரத்தத்துல வைரஸ் எவ்ளோ இருக்குன்னு எண்ணி ரிப்போர்ட் போன்லயே வந்துடுது. அதெல்லாம் இல்லாதப்ப எப்படி சமாளிச்சீங்கன்னு சொல்லுங்க" என்றாள். போனேன், பேசினேன். கேட்டார்கள், டீ கொடுத்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்து ஆட்டோ ஏறிய பிறகுதான், சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே வந்துவிட்டது தெரிந்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

நான் பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். நர்சிங் படித்தது, விடுதியில் அழுதது, முதல் ஊசி போட்டபோது நோயாளியைவிட நான் அதிகமாக நடுங்கியது எல்லாம் எந்த நர்சைக் கேட்டாலும் சொல்லக்கூடியவை. விட்டுவிடுகிறேன். எனக்கு வேலை என்றால் என்னவென்று உண்மையில் தெரியத் தொடங்கியது டாக்டர் பிலோமினிடம் வந்த பிறகுதான்.

அந்த அம்மா எங்கள் சிறுநீரகப் பிரிவின் தலைமை மருத்துவர். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரின் பழைய கிறிஸ்தவக் குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். என்னை அவர் பெயர் சொல்லியோ சிஸ்டர் என்றோ கூப்பிட்டதில்லை, 'மாசேர்' என்பார். அந்தக் குடும்பங்களில் கன்னியாஸ்திரீகளை அப்படித்தான் அழைப்பார்கள். நான் நெற்றியில் குங்குமம் வைத்த, இரண்டு பிள்ளை பெற்ற தனலட்சுமி. ஆனாலும் அவருக்கு நான் மாசேர்தான். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது அந்த ஒரு சொல்லைக் கேட்க ஏங்குகிறேன்.

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் மறுபரிசோதனைக்கு வரும் நாளில், நாற்காலியில் உட்காரும் முன்பே ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை நீட்டுவார்கள். சிறுநீரகம் சோர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியேட்டினின் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பதில்தான் அவர்கள் உயிர் இருக்கும். டாக்டர் அதை வாங்கி, பார்க்காமலே மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார். எழுந்து போய்க் கை கழுவுவார். இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். நோயாளியின் பின்பக்கம் போய் நிற்பார். தாடைக்குக் கீழே தொடங்கி, காதுக்கு முன்னால், காதுக்குப் பின்னால், பின்னங்கழுத்து, பிறகு கழுத்தின் பக்கவாட்டில் விரல் நுனிகள் படிப்படியாக இறங்கும். கழுத்தெலும்புக்கு மேலே உள்ள குழியில் நிறுத்தி, "மூச்ச நல்லா இழுங்க" என்பார். அதன் பிறகு அக்குள், தொடை இடுக்கு. அழுத்தும்போதெல்லாம் 'தூஸ்மான், தூஸ்மான்' என்று முனகுவார். பிரெஞ்சில் மெதுவாக என்று பொருள். தன் விரல்களுக்குச் சொல்லிக்கொள்கிறாரா, நோயாளிக்குச் சொல்கிறாரா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு, "இப்ப நீங்க பாருங்க மாசேர்" என்று விலகி நிற்பார். நானும் பார்ப்பேன். "வலிக்கிற நெறிக்கட்டி, விரலுக்கு அடியில ஓடுற நெறி, அதப் பத்தி பெரும்பாலும் பயமில்ல. வலிக்காம, ரப்பர் மாதிரி இருக்கிறதுதான் பேசாம வளரும்" என்பார்.

அவர் ஆரம்பத்திலிருந்தே அப்படி இருந்தவர் அல்ல. நான் அந்த வார்டுக்கு வந்த புதிதில் ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். சிறுநீரகம் மாற்றி நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவருக்கு வயிற்றுவலி வந்தது. குடலுக்குள் கட்டி. அது புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளாமலிருக்கக் கொடுக்கும் மருந்துகளின் நிழலில், ஒரு வைரஸால் வளரும் ரத்தப் புற்றுநோய் என்று தெரிய வந்தபோது அவரிடம் சிகிச்சையைத் தாங்கும் வலு இல்லை. அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் காகிதம் கவிழ்ந்தது, கை கழுத்துக்குப் போனது.

அந்தக் கைக்குப் பலனும் கிடைத்தது. தட்டாஞ்சாவடியில் லேத்துப் பட்டறை வைத்திருந்த ஒருவருக்கு அக்குளில் நெறி தட்டுப்பட்டது. இதே நோய்தான். அவருக்கு வேறு எதுவும் செய்யவில்லை, மாற்று சிகிச்சை மருந்தைக் குறைத்ததோடு சரி. கட்டி வெயிலில் வைத்த வெண்ணெய் போலக் கரைந்தது. நான் நர்சாக இருந்த காலத்தில் பார்த்த அதிசயம் எது என்றால் அதைத்தான் சொல்வேன். ஆனால் எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை.

இனி சத்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சத்யாவின் அம்மா அஞ்சலை, வைத்திக்குப்பத்துக்காரி. காலையில் கரைக்கு வரும் மீனை ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவள். அவள் வார்டுக்குள் வந்தால் கடைசிக் கட்டில்வரை கேட்கும். சத்யாவுக்குச் சின்ன வயதிலிருந்தே உடம்பு ஊதும் நோய். ஸ்டீராய்டு மாத்திரை தின்றே வளர்ந்தவள். பதினாறு வயதில் பார்க்க ஆறாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருப்பாள். அதற்குள் இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்து டயாலிசிஸுக்கு வந்துவிட்டாள். அப்பாவின் ரத்த வகை சேரவில்லை. அம்மாவுடையது சேர்ந்தது. "எடுத்துக்குங்க டாக்டரம்மா, ரெண்டு இருக்குதுல்ல? ஒண்ணு போனா எனக்கு இன்னா கூடை தூக்க முடியாமலா போவப் போவுது?" என்றாள் அஞ்சலை.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் அளந்துதான் தர வேண்டும். பல வருடமாக நாக்கை நனைத்தே வாழ்ந்த பிள்ளை அவள். அறுவை சிகிச்சை முடிந்து அம்மாவின் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியதும் டாக்டர் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். "குடி. உனக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ குடி." சத்யா சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அனுமதி கேட்பதைப் போல. வயிற்றில் கட்டோடு சக்கர நாற்காலியில் வந்திருந்த அஞ்சலை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சில மாதங்கள் எல்லாம் நன்றாகப் போயின. சத்யா மறுபடி பள்ளிக்கூடம் போனாள். முகம் தெளிந்தது. ஒரு நாள் பரிசோதனைக்கு வந்தபோது அஞ்சலை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சிஸ்டரு, ஒரு கூத்த கேளேன். இது கெழவனாட்டம் குறட்ட வுடுது. பக்கத்து வூட்டுக்காரன் எழுந்து வந்து படகு மோட்டாரு ஓடுதான்னு கேக்குறான்."

"ஏம்மா என் மானத்த வாங்குற?" என்று சத்யா சிணுங்கினாள். நான் சிரித்தேன், வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கை கழுவினார். உள்ளங்கைகளைத் தேய்த்தார். சத்யாவின் பின்னால் போய் நின்றார். இடது தாடைக்குக் கீழே விரல்கள் நின்றன. கொஞ்சம் இறங்கின, மறுபடி நின்றன. தூஸ்மான் என்ற முனகல் அன்று வரவில்லை.

"இப்ப நீங்க பாருங்க மாசேர்."

ஊறவைத்த மொச்சைக்கொட்டையைத் தொட்டது போல இருந்தது. ஒன்றுக்குக் கீழே இன்னொன்று. அழுத்தினால் அவள் முகம் சுளிக்கவில்லை. "வலிக்குதா சத்யா?" என்றேன். "இல்லியே சிஸ்டர்" என்றாள் சந்தோஷமாக. டார்ச் அடித்து வாயைத் திறக்கச் சொன்னோம். தொண்டையின் இரண்டு பக்கமும் டான்சில் வீங்கி நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தது. குறட்டைக்குக் காரணம் அதுதான்.

கூட இருந்த இன்னொரு மருத்துவர், "நம்ம ஊர்ல கழுத்துல நெறின்னா முதல்ல டி.பி.தானே மேடம்? மாத்திரை ஆரம்பிச்சுடலாமே" என்றார். நியாயமான பேச்சுதான். டாக்டர் பிலோமின் தலையாட்டினார். "டி.பி.யாவும் இருக்கலாம். ஆனா அந்த மாத்திரையில ஒண்ணு, நாம குடுக்கிற மருந்தையெல்லாம் உடம்பவிட்டு வெளிய தள்ளிடும். அம்மா குடுத்த கிட்னி அதுக்குத் தாங்காது. கண்ணால பாத்துட்டுத்தான் குடுப்பேன். ஊசி குத்தி எடுக்கிறது போதாது, ஒரு நெறிய முழுசா எடுங்க."

மறுநாள் காலை சின்ன அறுவை அறையில் அதைச் செய்தோம். மரத்துப்போகும் ஊசி மட்டும்தான், பிள்ளை விழித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் தலையை வலப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

"சிஸ்டர், தழும்பு தெரியுமா?"

"கழுத்து மடிப்போட போடுவாங்க. தங்கச் சங்கிலி போட்டா மறைஞ்சுடும்."

"சங்கிலி யாரு வாங்கித் தருவா? அம்மா வெளிய இன்னா பண்ணுது?"

"வாட்ச்மேன்கிட்ட சண்ட போடுது."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

எடுத்த நெறியைச் சர்ஜன் இரண்டாக வெட்டிக் கொடுத்தார். பாதி ஃபார்மலின் ஊற்றிய புட்டியில், நோயியல் துறைக்கு. பாதி உப்புத் தண்ணீரில், டி.பி. கிருமி வளர்கிறதா என்று பார்க்க. இரண்டையும் மாற்றிப் போட்டால் எல்லாம் வீண். ஃபார்மலினில் விழுந்த துண்டில் கிருமி வளராது. உப்புத் தண்ணீரில் கிடக்கும் துண்டு கெட்டுப்போய் மைக்ராஸ்கோப்பில் எதையும் காட்டாது. லேபிளை உரக்கப் படித்து ஒட்டி, இரண்டு புட்டியையும் நானே எடுத்துக்கொண்டு போனேன். யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். அன்று மனம் வரவில்லை.

முடிவு வர நாளானது, ஏனென்றால் வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் சோதனை வெளியூரில்தான் நடந்தது. ஸ்லைடு திரும்பி வந்தபோது நோயியல் மருத்துவர் எங்களைக் கூப்பிட்டார். வைரஸ் இருக்கும் செல்லை மட்டும் கறுப்பாகக் காட்டும் சாயம் அது. டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு எனக்கு இடம் விட்டார். வட்டத்துக்குள் எள்ளைக் கொட்டிப் பரப்பியது போல இருந்தது.

கெட்ட செய்தி சொல்வதில் டாக்டர் பிலோமினுக்கு ஒரு முறை உண்டு. கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் வைப்பார். தன் நாற்காலியை விட்டு, ஊசி போடும்போது நாங்கள் உட்காரும் குட்டை முக்காலியை இழுத்துப் போட்டு, எதிரில் இருப்பவரைவிடத் தாழ்வாக உட்காருவார். சுற்றி வளைக்க மாட்டார்.

"அஞ்சலம்மா, சத்யாவுக்கு வந்திருக்கிறது ஒரு வகை ரத்தக் கேன்சர். நெறியில வர்றது. இத முதல்லயே சொல்லிடறேன். வைத்தியம் இருக்கு. அதையும் சொல்லிடறேன். இப்ப நீங்க எத வேணா கேளுங்க."

அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ. "கிட்னிதான டாக்டரம்மா கெட்டிருந்துச்சி? அத மாத்தியாச்சில்ல?" என்று கேட்டது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஒரு வைரஸ் இருக்கு. எச்சில்ல தொத்திக்கும். சின்ன வயசுல நம்ம எல்லாருக்கும் வந்திருக்கும். எனக்கும் வந்திருக்கு, இந்த மாசேருக்கும் வந்திருக்கு. ஒரு ஜுரமா வந்துட்டு, அப்புறம் ரத்தத்துக்குள்ளயே படுத்துத் தூங்கிடும். நம்ம உடம்புல இருக்கிற காவல் அத எழுந்திருக்க வுடாது. சத்யா உடம்பு புது கிட்னிய தள்ளிடக் கூடாதுன்னு நாம குடுக்கிற மாத்திரை, அந்தக் காவல மயக்கி வெச்சிருக்கு. அதான் இது எழுந்துடுச்சி."

"அப்ப இவளுக்கும் சின்ன வயசுலயே வந்ததா?"

டாக்டர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஆபரேஷனுக்கு முன்பு எடுத்து வைத்திருந்த ரத்தத்தைச் சோதித்திருந்தோம். பதில் எங்கள் இருவருக்கும் தெரியும். "இல்ல" என்றார். "ஆபரேஷனுக்கு முன்னாடி அவ உடம்புல இது இல்லவே இல்ல. உங்க கிட்னியோட வந்திருக்கும்னுதான் நினைக்கிறேன்."

அஞ்சலையின் கை தானாக இடுப்புக்குப் போனது, புடவைக்குள் தழும்பு இருந்த இடத்துக்கு.

"எல்லா புள்ளைக்கும் வரும்னு சொல்றீங்களே. இவளுக்கு மட்டும் ஏன் வராம போச்சி?"

"யாரோடயும் சேராம வளந்திருப்பா."

"நாந்தான் சேர வுடல." அவள் கண்ணில் தண்ணீர் இல்லை; எங்கோ தூரத்தைப் பார்த்துப் பேசினாள். "உடம்பு ஊதி ஊதிக் கெடக்கும்போது ஒரு டாக்டரு சொன்னாரு, இத யாரும் அண்டக் கூடாது, ஜொரம் தொத்துனா தாங்காதுன்னு. அதுக்குத் தனித் தட்டு, தனி டம்ளரு, தனிப் பாயி. நான் கடிச்சத ஒரு வாயி அதுக்கு ஊட்டுனதில்ல. மொவத்துல ஒரு முத்தம் வெச்சதில்ல. கரையில அவவ புள்ளைய தூக்கி வெச்சிக் கொஞ்சுவா. நான் கைய கட்டிக்கினு நின்னுப் பாப்பேன்." பிறகு நேராக டாக்டரைப் பார்த்தாள். "அப்பவே கொஞ்சியிருந்தா, வந்துட்டுப் போயிருக்குமா?"

என் சேவைக் காலத்தில் அதைவிடக் கடினமான கேள்வியை யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. பொய் சொல்லிவிடுங்கள் என்று மனத்துக்குள் கெஞ்சினேன். டாக்டர் பொய் சொல்லவில்லை.

"போயிருக்கலாம். அந்த ஜுரத்துலயே அவ போயிருக்கவும் கூடும். நீங்க கைய கட்டிக்கிட்டு நின்னதாலதான் அவ பதினாறு வயசு வரைக்கும் வந்தா, என்கிட்ட வந்தா. அந்த டாக்டர் சொன்னது சரி. நீங்க செஞ்சதும் சரி. கிட்னி குடுத்ததும் சரி. இதுல தப்பு பண்ணவங்க ஒருத்தர்கூட இல்ல அஞ்சலம்மா. எனக்கே கோவப்பட ஒரு ஆள் கெடச்சா தேவலன்னு இருக்கு. யாருமே இல்ல."

அஞ்சலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "இப்ப வெக்கலாமா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. டாக்டருக்குப் புரிந்தது. "வெக்கலாம். உங்ககிட்ட இருக்கிற அதே வைரஸ்தான் இப்ப அவகிட்டயும் இருக்கு. தாராளமா வெக்கலாம்."

வார்டில் சத்யா கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அஞ்சலை விறுவிறுவென்று போய், மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியில், கண்ணில், கன்னத்தில், மூக்கில் என்று மாற்றி மாற்றி முத்தம் வைத்தாள். "ஐயே, இன்னாம்மா இது? எல்லாரும் பாக்குறாங்க!" என்று சத்யா திமிறினாள். அப்புறம் திமிறுவதை நிறுத்திவிட்டாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

சிகிச்சை தொடங்கியது. புதுச் சிறுநீரகத்துக்காக அவளுக்குக் கொடுத்துவந்த மூன்று மருந்தில் ஒன்றை அடியோடு நிறுத்தினோம், இன்னொன்றைக் குறைத்தோம். டான்சில் சுருங்கியது. குறட்டை நின்றது. ஆனால் லேத்துப் பட்டறைக்காரருக்குக் கரைந்தது போல எல்லாம் கரையவில்லை. கழுத்தில் சிலது அப்படியே நின்றன. அந்த வைரஸ் குடியிருக்கும் வெள்ளை அணுக்களைத் தேடி அழிக்கும் மருந்தை டிரிப்பில் ஏற்றினோம். முதல் முறை ஏற்றும்போது குளிர் நடுக்கம் வரும், ரத்த அழுத்தம் இறங்கும். சொட்டுச் சொட்டாக, ஆளைப் பார்த்துப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும். டாக்டர் என் தோளுக்குப் பின்னால் நின்று அந்தப் பழைய சொல்லை முனகினார். தூஸ்மான். அது திரும்பி வந்ததில் எனக்கு ஏனோ தைரியம் வந்தது.

கட்டிகள் போயின. ஆனால் கிரியேட்டினின் ஏறியது. காவலை எழுப்பிவிட்டால் அது வைரஸோடு நிற்காதே. அந்நியமாக உள்ளே இருக்கும் சிறுநீரகத்தையும் தாக்கும். குறைத்த மருந்தை மறுபடி கூட்டினால் சிறுநீரகம் பிழைக்கலாம், கட்டி திரும்பலாம். கூட்டாவிட்டால் கட்டி வராது, சிறுநீரகம் போகலாம். டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு இருவரிடமும் இதைச் சொன்னார்.

"கூட்டுங்க" என்றாள் சத்யா உடனே. "அது அம்மாவோடது. அத நான் வுட மாட்டேன்."

"சத்யா, கட்டி திரும்ப வந்தா..."

"வரட்டும். எங்கம்மா வயித்தக் கீறிக் குடுத்திருக்கு டாக்டர். அத நான் கெடுத்தேன்னு இருக்கக் கூடாது."

அஞ்சலை மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். வார்டு முழுக்கக் கேட்கும் அந்தக் குரல் திரும்பி வந்திருந்தது. "ஏண்டி, நான் குடுத்தது உனக்கா, கிட்னிக்கா? உன்ன பொழைக்க வெக்கத்தான அத குடுத்தேன்? அதப் பொழைக்க வெக்க உன்னக் குடுக்கச் சொல்றியா? போனா போவுது கழுத. தூக்கிக் கடல்ல போடு. நீ இருந்தா எனக்குப் போதும்."

சத்யா அம்மாவின் மடியில் முகம் புதைத்து அழுதாள். மருந்து கூட்டப்படவில்லை.

அஞ்சலையின் சிறுநீரகம் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. மெல்ல மெல்ல அடங்கியது. சத்யா மறுபடி டயாலிசிஸுக்கு வந்தாள். கட்டி மட்டும் திரும்பி வரவில்லை. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் கல்லூரிக்குப் போய்ப் படித்தாள். தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னக் கம்பெனியில் கம்ப்யூட்டரில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள்.

டாக்டர் பிலோமின் ஓய்வு பெற்று, பிரான்சில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை எப்போதாவது பேசுவார். அங்கே மகன் வீட்டில் அவருக்கு ஒரு வேலையும் இல்லையாம். "கை சும்மா இருக்கு மாசேர்" என்றார் ஒரு முறை. அவர் போன பிறகு நான் இருந்த சில வருடங்கள், வார்டு அதே வார்டுதான், கட்டில் அதே கட்டில்தான். ஆனால் மறுபரிசோதனை நாளில் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டால் என் காது அடுத்ததாக உள்ளங்கை தேயும் சத்தத்துக்குக் காத்திருக்கும். பிறகு எனக்கும் வயதானது, மாலை போட்டு அனுப்பினார்கள்.

கட்டி மறைந்து சில ஆண்டுகள் ஆன பிறகு, புது மருத்துவர் சத்யாவின் பெயரை மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருப்போர் வரிசையில் சேர்த்தார். முதலில் அவர் தயங்கியபோது நான் பிரான்சுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "இப்ப அவ உடம்புக்கு அந்த வைரஸை அடையாளம் தெரியும். முன்ன மாதிரி ஏமாறாது. பாத்துப் பாத்து செய்யுங்க" என்றார் பிலோமின்.

சத்யா இப்போது நன்றாக இருக்கிறாள். மாதம் தவறாமல் ரத்தத்தில் வைரஸை எண்ணுகிறார்கள். அதைப் புதுப் பெண்களிடமும் சொன்னேன். நான் சொல்லாமல் வந்தது, அவளுக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை நடந்த நாளைப் பற்றி.

முற்பகலில் அஞ்சலையிடமிருந்து போன். "சிஸ்டரு, கூப்ட்டுட்டாங்க. கிட்னி கெடச்சிருக்காம்." நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனேன். லிஃப்ட் ஏறி, வார்டின் கண்ணாடிக் கதவைத் தள்ளக் கை நீட்டியதும் ஒரு புது வாட்ச்மேன் குறுக்கே வந்தார்.

"பார்வையாளர் நேரம் இல்லம்மா."

ஜெசிந்தா உள்ளேயிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அக்கா, நீங்க உள்ள வாங்க, யாரு கேக்கப் போறா?" என்றாள். நான் போகவில்லை. அந்தக் கதவுக்கு அப்பால் என் வேலை இல்லை. "நான் அஞ்சலையோட இருக்கேன்" என்றேன். நான் வேலை பார்த்த காலமெல்லாம் அந்தக் கதவுக்கு வெளியே காத்திருப்பவர்களுக்கு உள்ளேயிருந்து செய்தி கொண்டுவந்திருக்கிறேன். வெளியே உட்கார்ந்து பார்த்தது அன்றுதான்.

நடைக்கூடத்து இரும்பு நாற்காலியில் அஞ்சலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தலை நரைத்திருந்தது. சத்யாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "எந்தத் தாயி பெத்த புள்ளையோ சிஸ்டரு" என்றாள். "யாருன்னு கேட்டா சொல்வாங்களா?"

"சொல்ல மாட்டாங்க அஞ்சல. சட்டம் அப்படி. இந்த ஆஸ்பத்திரியா, வெளியூரான்னுகூட நமக்குத் தெரியாது."

அவள் நடைக்கூடத்தின் மறுகோடியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். எங்களைவிட இளையவள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் மடித்து வைத்த, ஒரு பையனின் ஜீன்ஸ் பேண்ட், ஒரு பெல்ட், ஒரு ஜோடி ஷூ. அழவில்லை. அந்தப் பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அந்தத் தாய் அவங்களா இருக்கணும்னு இல்ல" என்றேன். "எத்தனையோ பேரு வந்து போற எடம். வேற யாராவும் இருக்கலாம்."

"இருக்கட்டும்" என்றாள் அஞ்சலை.

எழுந்து நடந்து போனாள். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஏதாவது சாப்ட்டியாம்மா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. தாழ்த்திப் பேசத் தெரியாத குரல்தானே. அந்தப் பெண் இல்லையென்று தலையசைத்தாள். அஞ்சலை பை மேல் இருந்த அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள். சிறிது நேரத்தில் அந்தப் பெண்ணின் தலை மெதுவாகச் சாய்ந்து அஞ்சலையின் தோளில் விழுந்தது.

வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. கண்ணாடிக் கதவு திறந்தது. ஜெசிந்தா மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள். "முடிஞ்சுது அக்கா. நல்லா ஏத்துக்கிச்சி. வேல செய்ய ஆரம்பிச்சிடுச்சி." அவள் முகமெல்லாம் சிரிப்பு.

நான் எழுந்து நின்று, நடைக்கூடத்தின் மறுகோடியில் இருந்த அஞ்சலையைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன். அவளுக்குப் புரிந்தது. கண்ணை ஒருமுறை இறுக மூடித் திறந்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. தோளில் சாய்ந்திருந்த அந்தத் தலை நழுவிவிடாமல் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.